எழுத்து சிறியதா? ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள்!

புதிய லேப்டாப் வாங்கி வந்த முதல் நாளிலேயே பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "திரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்துகள் எறும்பு ஊர்வது போலத் தெரிகின்றனவே!" உடனே வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் முன்வருவார். அது மருமகனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவராக இருக்கலாம். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, ரெசல்யூஷனை ஒன்றிரண்டு படி கீழே இறக்குவார். எழுத்து பெரிதாகிவிடும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. காபியும் வந்துவிடும்.

இது உதவியே அல்ல என்பது என் கருத்து. பார்க்கப்போனால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு நாம் நல்லெண்ணத்துடன் செய்யும் கெடுதல் இது. இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் நானே, என் அப்பாவுக்கு இதைச் செய்துவிட்டு, எட்டு மாதம் அது தெரியாமல் இருந்தவன்.

அப்பாவின் கண்

அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா பென்சிலால் எழுதி வைத்திருந்த பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தமிழில் டைப் செய்து வைக்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. அதற்காகவே 15.6 இஞ்ச் திரை கொண்ட லேப்டாப் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். திரையின் ரெசல்யூஷன் 1920×1080. "எழுத்து சின்னதா இருக்குப்பா" என்றார். ஊருக்குக் கிளம்பும் அவசரம். ரெசல்யூஷனை 1366×768 என்று மாற்றினேன். "இப்போ எப்படிப்பா?" என்று கேட்டேன். "பெருசாயிடுச்சு" என்றார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

அதன் பிறகு போனில் பேசும்போதெல்லாம் கண்ணைப் பற்றித்தான் பேச்சு. அரை மணி நேரம் டைப் செய்தால் கண் வலிக்கிறது என்றார். கண் டாக்டரிடம் போனார். கண்ணாடியின் பவர் சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். இன்னொரு டாக்டரிடம் போனார். அவரும் அதையே சொன்னார். தாத்தாவின் நோட்டுப் புத்தகம் நாற்பது பக்கத்தோடு நின்றது. "வயசாயிடுச்சுடா, இனிமே இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று லேப்டாப்பை மூடி உறைக்குள் போட்டுவிட்டார்.

பொங்கலுக்குப் போனபோது, டிக்கெட் பதிவு செய்ய அந்த லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு நிமிடத்தில் எனக்கே கண் கூசியது. எழுத்தின் ஓரமெல்லாம் சாம்பல் பூசினாற்போல் மங்கலாக இருந்தது. டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், நான் வைத்துவிட்டுப் போன அதே 1366×768. அதை 1920×1080 என்று மாற்றி, ஸ்கேல் என்பதை 150 சதவீதம் ஆக்கி, அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் டைப் செய்திருந்த முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லப்பா. நான்தான் தப்பா வச்சிட்டுப் போயிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நாளில் சரி, இந்த நாளில் தவறு

இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவரே அப்பாதான். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. பெட்டி போன்ற சிஆர்டி மானிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சென்று, செட்டிங்ஸ் டேபில் இருக்கும் சிறிய பட்டையை 'லெஸ்' பக்கமாக இழுத்தால் 1024×768 என்பது 800×600 ஆகும், எழுத்து பெரிதாகும். அப்பா அதைத்தான் செய்வார். அன்றைக்கு அது சரியான வழி.

காரணம், சிஆர்டி மானிட்டரில் படம் உருவான விதம். குழாயின் பின்பக்கத்திலிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றை, கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பாஸ்பரில் வரி வரியாகப் படத்தை வரையும். கூடுதல் வரி வரைந்தாலும் குறைந்த வரி வரைந்தாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் 800×600 ஆனாலும் 1024×768 ஆனாலும் படம் ஏறக்குறைய ஒரே தெளிவோடு கிடைத்தது.

லேப்டாப் திரை அப்படி அல்ல. எல்சிடி திரையில் புள்ளிகள், அதாவது பிக்ஸல்கள், தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டவை. தரையில் பதித்த டைல்ஸ் போல. 1920×1080 திரை என்றால் படுக்கை வாட்டில் 1920, செங்குத்தாக 1080. மொத்தம் 20,73,600 பிக்ஸல்கள். இந்த எண்ணிக்கையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இதைத்தான் நேட்டிவ் ரெசல்யூஷன் என்கிறார்கள். விண்டோஸ் இதற்குப் பக்கத்தில் 'ரெகமண்டட்' என்று எழுதிக் காட்டுவது சும்மா ஒரு யோசனைக்காக அல்ல.

இப்போது நான் செய்த வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1366×768 என்றால் 10,49,088 புள்ளிகள். விண்டோஸ் இத்தனை புள்ளிகளில் படத்தை வரைந்து கொடுக்கிறது. அதை 20 லட்சத்துக்கு மேற்பட்ட பிக்ஸல்கள் மீது இழுத்துப் பரப்ப வேண்டும். ஒரு புள்ளிக்குப் படுக்கை வாட்டில் 1.4 பிக்ஸல், செங்குத்திலும் 1.4 பிக்ஸல். கால் பிக்ஸல், அரை பிக்ஸல் என்று எதுவும் கிடையாது. எனவே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து ஒப்பேற்றுகிறது. கறுப்பு எழுத்துக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் நடுவில் சாம்பல் நிறம் வருவது இதனால்தான். பணம் கொடுத்து வாங்கிய திரையின் விவரத்தில் ஏறக்குறைய பாதியை நானே தூக்கி எறிந்திருக்கிறேன்.

சிலர் இன்னும் மேலே போய், 1366×768 திரையில் 1024×768 என்று வைத்துவிடுவார்கள். அங்கே உயரம் அப்படியே இருக்கும். அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கல்யாண போட்டோவில் எல்லோரும் பூசணிக்காய் போலத் தெரிவார்கள். "புது லேப்டாப்பில் படம் அகலமாக வருகிறது, ஸ்க்ரீன் டூப்ளிகேட்டா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

தமிழ் எழுத்துக்குப் புள்ளி அதிகம் வேண்டும்

ஆங்கிலம் மட்டும் படிப்பவர்கள் இந்த மங்கலைச் சமாளித்துவிடுவார்கள். தமிழ் படிப்பவர்களுக்குத்தான் சிரமம் அதிகம் என்பது என் அனுபவம். ஆங்கில 'ஐ', 'எல்', 'டி' எல்லாம் ஒன்றிரண்டு கோடுகள். நம்முடைய 'ண'வையும் 'ன'வையும் எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒரே ஒரு சுழி. 'ஞ', 'ஙு', 'ணூ' போன்றவற்றை வரையப் புள்ளிகள் நிறைய வேண்டும். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி, திரையில் ஒன்றிரண்டு பிக்ஸல்தான். அது மங்கினால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். படிக்கும்போது மூளை ஊகித்துப் போய்விடும். ஆனால் டைப் செய்பவர் ஒவ்வொரு எழுத்தையும் உற்றுப் பார்த்தாக வேண்டும். அப்பாவின் கண் வலித்ததில் என்ன ஆச்சரியம்?

இங்கேதான் ரெசல்யூஷனுக்கும் ஸ்கேலிங்குக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாகிறது. ரெசல்யூஷனைக் குறைத்தால், 12 புள்ளி உயரத்தில் வரைந்த எழுத்தை இழுத்துப் பெரிதாக்குகிறோம். ஸ்கேலிங்கை 150 சதவீதம் ஆக்கினால், அதே எழுத்தை 18 புள்ளி உயரத்தில் புதிதாக வரைகிறோம். கண்ணுக்குத் தெரியும் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்கேலிங்கில் கொஞ்சம் கூடவே பெரிது. ஆனால் சுழியும் புள்ளியும் வரைய இடம் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது. சிறிய போட்டோவை ஜெராக்ஸில் பெரிதாக்குவதற்கும், பெரிய பிரிண்ட் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

கம்ப்யூட்டர் தயாரிப்பவர்களே எழுத்தின் அளவையும் ரெசல்யூஷனையும் எப்போதோ பிரித்துவிட்டார்கள். 2012-ல் ஆப்பிள் வெளியிட்ட 15 இஞ்ச் ரெட்டினா மேக்புக் புரோவில் 2880×1800 பிக்ஸல்கள் இருந்தன. ஆனால் எழுத்தும் படமும் 1440×900 திரையில் இருக்கும் அளவில்தான் தெரிந்தன. ஒரு புள்ளிக்குப் பதில் நான்கு பிக்ஸல், அவ்வளவும் தெளிவுக்காக. நாம் மட்டும் இன்னும் சிஆர்டி காலத்துப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறோம்.

சரியான வழி

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் என்பதில் கிளிக் செய்திடுங்கள். அங்கே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. டிஸ்ப்ளே ரெசல்யூஷன்: 'ரெகமண்டட்' என்று எழுதியிருப்பதையே தேர்ந்தெடுங்கள். திரை மாறியதும், இந்த அமைப்பையே வைத்துக் கொள்ளவா என்று விண்டோஸ் கேட்கும். திரை கறுத்துப் போனாலோ, தாறுமாறாகத் தெரிந்தாலோ பதறாதீர்கள். எந்தக் கீயையும் தட்டாமல் 15 விநாடி காத்திருந்தால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும்.

2. ஸ்கேல்: 100, 125, 150, 175 என்று சதவீதங்கள் இருக்கும். 1920×1080 கொண்ட 15.6 இஞ்ச் திரைக்கு 125 அல்லது 150 பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். 14 இஞ்ச் என்றால் 150-லிருந்து ஆரம்பியுங்கள். மாற்றிய பிறகு ஏதாவது ஒரு புரோகிராம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், ஒருமுறை சைன் அவுட் செய்து மீண்டும் உள்ளே வந்து பாருங்கள்.

மெனு, பட்டன்கள் எல்லாம் இப்போதிருக்கும் அளவில் இருக்கட்டும், எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, அக்ஸெஸிபிலிட்டி பிரிவில் டெக்ஸ்ட் சைஸ் என்பதைத் திறந்தால் ஒரு பட்டை கிடைக்கும். 100 முதல் 225 சதவீதம் வரை எழுத்தைப் பெரிதாக்கலாம். விண்டோஸ் 10-ல் இது ஈஸ் ஆப் அக்ஸெஸ் என்ற பிரிவில் இருக்கிறது. இணையப் பக்கங்கள் மட்டும்தான் பிரச்சினை என்றால் இதுகூட வேண்டாம். பிரவுசரில் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டுங்கள். பழைய அளவுக்குத் திரும்ப, கண்ட்ரோல் கீயுடன் பூஜ்யம்.

எழுத்தின் விளிம்பு இன்னும் திருப்தியாக இல்லை என்றால், ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று டைப் செய்து தேடுங்கள். வரிசையாகச் சில மாதிரிகளைக் காட்டி, எது தெளிவாக இருக்கிறது என்று கேட்கும். கண் டாக்டர் லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பாரே, அதுபோல. யார் தினமும் படிக்கப் போகிறாரோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரெசல்யூஷனையே மாற்ற முடியவில்லையே!

சிலருக்குப் பிரச்சினை வேறு விதம். நேற்று வரை நன்றாக இருந்த திரையில் இன்று எல்லாமே பெரிது பெரிதாக, மங்கலாகத் தெரியும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 1024×768 தவிர வேறு எதுவும் இருக்காது, அல்லது அந்தப் பெட்டியே செயல்படாமல் மங்கிக் கிடக்கும். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்த பிறகும், ஏதாவது ஒரு அப்டேட்டுக்குப் பிறகும் இப்படி நடப்பதுண்டு.

இதற்கு முக்கால்வாசிக் காரணம் டிஸ்ப்ளே டிரைவர். கிராபிக்ஸ் சிப்புடன் விண்டோஸ் பேசுவதற்கு நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். அவர் இல்லாதபோது விண்டோஸ் சைகை மொழியில் சமாளிக்கும். விண்டோஸ் கீயுடன் எக்ஸ் கீயை அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால், உண்மையான டிரைவர் இல்லை என்று பொருள்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் சென்று, ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியில் டிஸ்ப்ளே டிரைவர் காத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிக் கொள்ளுங்கள். எல்லா டிரைவரும் இலவசம் என்று விளம்பரம் செய்யும் மற்ற தளங்களின் பக்கம் போகாதீர்கள். புதிய டிரைவர் வந்த பிறகுதான் கோளாறு என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர் என்று செல்லுங்கள். பழைய டிரைவர் திரும்பி வரும்.

திரை திடீரென்று உறைந்தோ, விட்டுவிட்டோ தெரிந்தால், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று கீகளுடன் பி கீயையும் சேர்த்து அழுத்துங்கள். ஒருமுறை கண் சிமிட்டுவது போல் திரை அணைந்து வரும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். திறந்து வைத்த ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

டிவியிலோ புரொஜக்டரிலோ இணைத்துப் பார்த்த பிறகு ரெசல்யூஷன் மாறிப் போனதா? விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தினால் நான்கு வாய்ப்புகள் வரும். டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு திரைக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷன் வேண்டும்; அதனால் லேப்டாப் திரை இறங்கி வருகிறது. கேபிளைக் கழற்றிய பிறகும் அப்படியே நின்றுவிட்டால், பிசி ஸ்க்ரீன் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுத்து, ரெகமண்டட் ரெசல்யூஷனை மீண்டும் வையுங்கள்.

கோளாறே இல்லாத கோளாறுகளும் உண்டு. கண்ட்ரோல் கீயில் கை பட்டபடியே மவுஸின் சக்கரம் உருண்டால், டெஸ்க்டாப் ஐகான்கள் வடை அளவுக்குப் பெரிதாகிவிடும். அதே மாதிரி எதிர்ப்பக்கம் உருட்டினால் போதும். விண்டோஸ் கீயும் பிளஸ் கீயும் சேர்ந்து அழுந்தினால் மேக்னிஃபையர் திறந்து, திரையின் ஒரு பகுதி மட்டும் பெரிதாகத் தெரியும். விண்டோஸ் கீயுடன் எஸ்கேப் கீயைத் தட்டினால் அது விலகிவிடும். இந்த இரண்டுக்காகவும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கடைக்குப் போகும் முன்

என் சித்தியும் ஒருமுறை அப்படிப் போனார். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரை 1024×768-ல் நின்றுவிட்டது. டிரைவர் பிரச்சினை. கடைக்காரர் "ஃபார்மெட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார். சித்திக்கு ஃபார்மெட் என்றால் என்னவென்று தெரியாது. தலையாட்டிவிட்டு வந்தார். திரை சரியாகி வந்தது. மகனின் கல்யாணத்தில் எடுத்த போட்டோக்கள் வரவில்லை. டிரைவர் இல்லாததற்கு ஹார்ட் டிஸ்க்கை அழிப்பது, பல்வலிக்கு மொட்டை போடுவது போல. ஆனால் பழுது பார்ப்பவருக்கு அதுதான் சுலபம். என்ன கோளாறு என்று தேட வேண்டியதில்லை.

எனவே ஃபார்மெட் என்ற சொல்லைக் கேட்டவுடன் இரண்டு கேள்வி கேளுங்கள். "டிரைவரைப் பார்த்தீர்களா? என் ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்தீர்களா?" இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும்வரை லேப்டாப்பைக் கையிலிருந்து விடாதீர்கள்.

"ஸ்க்ரீன் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொன்னாலும் உடனே பணம் கொடுக்காதீர்கள். மூன்று சோதனைகளை நீங்களே செய்யலாம்.

1. விண்டோஸ் கீயுடன் பிரிண்ட் ஸ்க்ரீன் கீயை அழுத்துங்கள். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்க்ரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் படம் சேமிக்கப்படும். அதை உங்கள் மொபைல் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். லேப்டாப் திரையில் தெரியும் கோடு போனில் தெரியவில்லை என்றால், விண்டோஸ் ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறது. சந்தேகம் திரை அல்லது அதற்குச் செல்லும் கேபிள் மீது.

2. எச்.டி.எம்.ஐ கேபிளால் டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் சுத்தமாக இருந்தால், இங்கும் சந்தேகம் திரை, கேபிள் மீதுதான். டிவியிலும் அதே குறை இருந்தால் டிரைவர் அல்லது கிராபிக்ஸ் சிப். திரையை மாற்றிப் பயனில்லை.

3. லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பயாஸ் பக்கத்துக்குள் சென்று பாருங்கள். விண்டோஸ் தொடங்கும் முன்பே கோடுகள் தெரிந்தால் அது விண்டோஸ் கோளாறு அல்ல. அங்கே நன்றாக இருந்து விண்டோஸுக்குள் வந்தபின் கெட்டுப் போனால், முதலில் டிரைவரைச் சந்தேகப்படுங்கள்.

விண்டோஸுக்குள் வந்தால் திரையே தெரியவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. லாகின் திரையில் ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று சென்றால் ஒரு பட்டியல் வரும். அதில் 3 என்ற எண்ணைத் தட்டினால் குறைந்த ரெசல்யூஷனில் விண்டோஸ் திறக்கும். உள்ளே போய் அமைப்பைச் சரிசெய்து கொள்ளலாம். வட்டு முழுக்க என்க்ரிப்ட் செய்யப்பட்ட லேப்டாப்பாக இருந்தால், வழியில் பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கக்கூடும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைவசம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

மறுப்பவர்கள் சொல்வது

ஸ்கேலிங் எல்லா இடத்திலும் சரியாக வேலை செய்வதில்லையே என்று நண்பர்கள் என்னிடம் வாதிடுவார்கள். உண்மைதான். பழைய புரோகிராம்கள் சில, குறிப்பாகப் பழைய அக்கவுண்ட்ஸ் சாப்ட்வேர்கள், ஸ்கேலிங்கைப் பற்றி எதுவும் தெரியாமல் எழுதப்பட்டவை. விண்டோஸ் அவற்றைப் படம் போல இழுத்துக் காட்டும், மங்கலாகும். அப்போது அந்த புரோகிராமின் ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி என்று சென்று, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்பதில் மாற்றிப் பார்க்கலாம். ஒரு புரோகிராம் மங்கலாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் மங்கலாக்க வேண்டியதில்லை.

1366×768 திரையில் ஸ்கேலிங்கைக் கூட்டினால் இடம் போதாமல், சில பெட்டிகளின் ஓகே பட்டன் திரைக்கு வெளியே போய்விடும் என்பதும் உண்மை. அந்தத் திரை உள்ளவர்கள் ஸ்கேலை 100-லேயே விட்டுவிட்டு, டெக்ஸ்ட் சைஸை மட்டும் கூட்டிக் கொள்ளுங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இது: தமிழ் படிக்கவும் எழுதவும் போகிறீர்கள் என்றால், 1920×1080-க்குக் குறைந்த திரையை வாங்காதீர்கள்.

கேம் விளையாட ரெசல்யூஷனைக் குறைக்கிறேன் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கேமுக்குள் குறைத்துக் கொள்ளுங்கள். அப்பாவின் டெஸ்க்டாப்பில் வேண்டாம்.

இரண்டு வேண்டுகோள்கள்

முதலாவது, லேப்டாப் விற்பவர்களுக்கு. பெட்டியைப் பிரித்து, ஆன் ஆகிறதா என்று காட்டி, பில்லோடு கொடுத்துவிடுகிறீர்கள். கூடவே இரண்டு நிமிடம் செலவழித்து, வாங்குபவரை எதிரே உட்கார வைத்து, அவருடைய கண்ணுக்கு ஏற்ப ஸ்கேலை வைத்துக் கொடுங்கள். செருப்புக் கடையில்கூடப் போட்டு நடந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, என்னைப் போல வீட்டுக்கு ஒருவராக இருக்கும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு. புதிதாகக் கம்ப்யூட்டரைத் தொடும் பெரியவர்கள், குறை திரையில் இருக்கிறது என்று நினைக்க மாட்டார்கள். தங்கள் கண்ணில், தங்கள் வயதில், தங்கள் அறிவில் இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நாம் வைத்துவிட்டுப் போன தவறைக் குறை சொல்லாமல் சுமப்பார்கள். பிறகு ஒருநாள் லேப்டாப்பை உறைக்குள் போட்டுவிடுவார்கள். நமக்கு அது ஒரு செட்டிங். அவர்களுக்கு அது, "இது நமக்கு வராது" என்ற தீர்ப்பு.

அதனால் செட்டிங்கை மாற்றிவிட்டு "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வைத்து, "ஒரு பத்தி படிச்சுக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். தடுமாறாமல் படித்தால் நீங்கள் கிளம்பலாம்.

அப்பா இப்போது தாத்தாவின் நோட்டில் நூறாவது பக்கத்தைத் தாண்டிவிட்டார். போனில் பேசினால் கண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. தாத்தாவின் கையெழுத்தைப் பற்றித்தான் குறை சொல்கிறார். அதற்கு என்னிடம் செட்டிங் எதுவும் இல்லை.